கிட்டாரில் ஐந்து பாக்ஸும் மனப்பாடம், ஆனால் ஐந்தாம் ஃப்ரெட்டை விட்டு நகர முடியவில்லை

கேள்வி:
ஏ மைனர் பென்டாடோனிக்கின் (ஏ, சி, டி, ஈ, ஜி என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல்) ஐந்து பாக்ஸையும் (அதே ஸ்வரங்களைக் கழுத்தின் ஐந்து இடங்களில் பிடிக்கும் விரல் வடிவங்கள்) தனித்தனியாக ஏற்றி இறக்கி வாசிக்க முடிகிறது. மெட்ரோனோம் 100 வரை தடங்கல் இல்லை. பேக்கிங் ட்ராக் (பின்னணி இசை) போட்டதும் விரல் 5-ஆம் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) 8-க்கும் நடுவிலேயே சுற்றுகிறது. அடுத்த பாக்ஸுக்குப் போனால் எந்த ஸ்வரத்தில் நிற்கிறேன் என்றே தெரிவதில்லை. தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எதை மாற்றலாம்?

பதில் 1:
எப்போதும் ஆறாம் (தடித்த) தந்தியில் தொடங்கி முதல் (மெல்லிய) தந்தியில் முடித்தால் இப்படித்தான் ஆகும். விரலுக்கு வடிவம் தெரியும், ஏ எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு வாரம் பாக்ஸை மறந்துவிட்டு ஒரே தந்தியில் மேலும் கீழும் போங்கள். மூன்றாம் தந்தியில் ஃப்ரெட் 2, 5, 7, 9, 12, 14. அதாவது ஏ, சி, டி, ஈ, ஜி, ஏ. இரண்டாம் தந்தியில் 1, 3, 5, 8, 10, 13. இங்கே ஏ பத்தில் வரும். 60 பிபிஎம் (நிமிடத்துக்கு 60 அடி), ஓர் அடிக்கு ஒரு ஸ்வரம், பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள், விரல் சரியாகப் போனாலும் கூட.

பதில் 2:
அதோடு ரூட் நோட்டையும் (ஸ்கேலின் ஆதார ஸ்வரம், இங்கே ஏ) பிடித்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தி 5-லிருந்து இரண்டு தந்தி தாண்டி இரண்டு ஃப்ரெட் மேலே போனால் நான்காம் தந்தி 7, அதுவும் ஏ. அங்கிருந்து இரண்டாம் தந்திக்குத் தாண்டும்போது மூன்று ஃப்ரெட் நகர வேண்டும்: 10. மற்ற அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து ஃப்ரெட் இடைவெளி, ஜி (மூன்றாம்) தந்திக்கும் பி (இரண்டாம்) தந்திக்கும் நடுவில் மட்டும் நான்கு. பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

பாக்ஸ் 1-இன் வலது ஓரமும் (ஆறாம் தந்தியிலிருந்து 8, 7, 7, 7, 8, 8) பாக்ஸ் 2-இன் இடது ஓரமும் ஒன்றே. ஆக, பாக்ஸ் 2-இல் பாதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாம் தந்தியில் 5, 7 வாசித்து மோதிர விரலை 7-லிருந்து 9-க்கு ஸ்லைடு செய்யுங்கள் (அழுத்தியபடியே வழுக்குங்கள்). சுட்டு விரல் 8-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டாம் தந்தி 8, 10, முதல் தந்தி 8, 10. அதே வழியில் இறங்குங்கள். ஸ்லைடில் ஒலி செத்துப்போனால் நடுவில் அழுத்தத்தைத் தளர்த்துகிறீர்கள். கண் விரலைப் பார்க்கக்கூடாது, 9-ஆம் ஃப்ரெட்டைப் பார்க்க வேண்டும்.

பதில் 3:
கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தால் வேலை சுலபம். ஏ-யை ஸட்ஜமமாக வைத்தால் இது சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்கள். அதே ஃப்ரெட்டுகளில் சி-யை ஸட்ஜமமாக்கினால் மோகனம். ஸ்கேலை நேராக ஏற்றி இறக்காமல் ச க ம, க ம ப, ம ப நி என்று மும்மூன்றாக வாசியுங்கள். பிறகு ஜண்டை வரிசை போல ஒவ்வொன்றையும் இரட்டித்து, இரண்டாவதை அப் ஸ்ட்ரோக்கில் (கீழிருந்து மேலே மீட்டுவது). அரை மணியில் பத்து நிமிடம் ஒற்றைத் தந்தி, பத்து நிமிடம் ஸ்லைடு, மீதி பேக்கிங் ட்ராக். அதில் ஒரே விதி: ஒவ்வொரு சொற்றொடரும் ஏ-யில் முடிய வேண்டும், ஆனால் அடுத்தடுத்து ஒரே ஏ-யில் முடியக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
ஐந்தாம் தந்தியில் ஏ 12-இல் மட்டும்தானா?

பதில் 2:
இல்லை, திறந்த (விரல் அழுத்தாத) தந்தியும் ஏ. பாக்ஸ் 1-இல் இருக்கும்போது இரண்டுமே தூரம், அதனால்தான் கண்ணில் படவில்லை.