பிளீக்லோ மலையில் கிடப்பது போர்க்கால விமானமா? படம் போட்டவர் பதில் சொல்லட்டும்

கறார் கந்தன்:
பயணப் பகுதியில் மலைப்பித்தன் போட்ட பதிவைப் பார்த்தேன். "இரண்டாம் உலகப் போரில் விழுந்த விமானத்தைத் தேடி ஒரு நடை" என்று தலைப்பு. கீழே உள்ள படங்களில் முக்கால்வாசி, இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், பிளீக்லோ மலைமேல் ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் பக்கத்தில் கிடக்கும் அமெரிக்க பி-29. "ஓவர் எக்ஸ்போஸ்ட்" என்று பேர் வைத்த புகைப்பட உளவு விமானம். அது விழுந்தது 1948 நவம்பர் 3-ம் தேதி. போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து! ஸ்காம்ப்டன் விமானத் தளத்திலிருந்து பர்டன்வுட் தளத்துக்குச் சம்பளப் பணம் கொண்டுபோன விமானம் அது. மேகத்துக்குள் தாழ இறங்கி மலையில் மோதியது. உள்ளே இருந்த 13 பேரும் இறந்தார்கள். இதில் எங்கே வந்தது உலகப் போர்? அதற்கு ஒரு கூட்டமே கைதட்டுகிறது.

மலைப்பித்தன்:
வாங்க கந்தன் சார், உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். கடைசி நாலு படத்துக்கு வர்றதுக்குள்ள கோபம் வந்துடுச்சு போல. அது வேற இடம். அதே பிளீக்லோ மலைத்தொகுதியில, ஜேம்ஸஸ் தார்ன். அங்க விழுந்தது கனடா விமானப்படை 408-வது ஸ்க்வாட்ரனோட லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம். 1945 மே 18. ஆறு பேரும் போயிட்டாங்க. தலைப்பு அதுக்குத்தான். பி-29 பத்தி எழுதும்போது 1948-னு நானே போட்டிருக்கேன். படிங்க.

கறார் கந்தன்:
மே 18 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஐரோப்பாவில் போர் முடிந்தது மே 8. பத்து நாள் கழித்து விழுந்தது எப்படிப் போர்க்கால விமானம் ஆகும்? பள்ளிக்கூடப் பையனுக்கும் இந்தக் கழித்தல் தெரியும்.

பினாங்கு பேரன்:
கந்தன் ஐயா, மே 8-ல் போர் யாருக்கு முடிந்தது? எங்கள் தாத்தாவை மலாயாவின் கெடா தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்டவாளம் 1943 அக்டோபரிலேயே முடிந்தது, ஆனால் ஆளைத் திருப்பி அனுப்பவில்லை. மே 18 அன்று அவர் சயாமில்தான் கிடந்தார். வீட்டில் பாட்டி ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு தேடிக்கொண்டிருந்தார். ஜப்பான் சரணடைந்தது ஆகஸ்ட் 15. பினாங்குக்கு வெள்ளைக்காரன் திரும்பி வந்தது செப்டம்பரில். உங்கள் நாள்காட்டி லண்டனில் அச்சடித்ததா?

கறார் கந்தன்:
உங்கள் தாத்தாவுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் விமானம் விழுந்தது இங்கிலாந்தின் டெர்பிஷயரில், சயாமில் இல்லை. மே 8.

மலைப்பித்தன்:
அந்த ஸ்க்வாட்ரனுக்கு மே மாசம் எதுக்கு லான்காஸ்டர் குடுத்தாங்கன்னு தெரியுமா சார்? அதுக்கு முன்னாடி அவங்க ஓட்டுனது ஹாலிஃபாக்ஸ்ங்கிற வேற குண்டுவீச்சு விமானம். ஜப்பான் மேல குண்டு போட "டைகர் ஃபோர்ஸ்"னு ஒரு படை திரட்டுனாங்க. அதுக்குத்தான் இந்த மாத்தம். போருக்குப் போக இருந்தவன் போர்க்காலத்துல சாகலையாம்!

கறார் கந்தன்:
போக இருந்தவன், போனவன் இல்லை. பசிபிக் போருக்கு விருப்பப்பட்டவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று கனடா அரசே அந்த ஏப்ரலில் அறிவித்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் கிளம்பியது பயிற்சிக்கு. தங்கள் தளமான லிண்டன்-ஆன்-ஊஸ் பக்கத்தில் ஏறி இறங்கிப் பழக வேண்டியவர்கள், அனுமதி இல்லாமல் ஊர் சுற்றப் போய், இருட்டில் திசை தெரியாமல் மலையில் மோதினார்கள். சுட்டவனும் இல்லை, சுடப்பட்டவனும் இல்லை.

யாழ்வாணி:
"ஊர் சுற்றப் போய்" எண்டு எழுத உங்களுக்குக் கை கூசேல்லையோ? இருபது வயசுப் பிள்ளையள். நான் லீட்ஸில இருக்கிறன், அந்த மலைக்கு ஏறிப்போன ஆள். மலையடிவாரத்து ஓல்ட் கிளாசப்பில இருந்து டாக்டர்ஸ் கேட் பாதையால கொஞ்சத் தூரம் போய்ப் பிறகு மேட்டில ஏறோணும். மேல போனால் பாதை எண்டு ஒண்டும் இல்லை. கறுத்த பீட் மண் (உக்கின செடிகொடியால ஆன சதுப்பு மண்), அதுக்குள்ள ஆளுயரத்துக்கு வெட்டுப்பட்ட வாய்க்கால்கள். ஒண்டுக்குள்ள இறங்கினால் ஏறி வரேக்க எந்தப் பக்கத்தால வந்தனாங்கள் எண்டே தெரியாது. மப்பு மூடினால் பத்தடிக்கு அங்கால ஒண்டும் தெரியாது. பகலிலயே இப்பிடி. அந்தப் பிள்ளையள் இரவில போனவை. கதிரையில இருந்து திகதி கணக்குப் பார்க்கிற ஆக்களுக்கு இது விளங்காது.

அதோட, அந்த லான்காஸ்டர் விழுந்த இடத்துக்குக் கிட்டத்தான் அதே வருசம் ஜூலை 24 ஒரு அமெரிக்க டகோட்டா போக்குவரத்து விமானமும் மோதினது. ஏழு பேர். அதுவும் சுற்றுலாவோ?

கறார் கந்தன்:
அம்மா, மலை கஷ்டமான மலை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். கஷ்டமான மலையில் விழுந்தால் தேதி மாறிவிடுமா? மே 8-க்குப் பிறகு 18 வருகிறது. ஜூலை 24 இன்னும் பிறகு வருகிறது.

ஏடு பார்ப்பவன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டாம் உலகப் போர் இறப்பு என்று எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. பணியில் இருந்தவர் பயிற்சியில் இறந்தாலும் கணக்கில் உண்டு. அந்த ஆறு கனடாக்காரர்களும் அதற்குள் வருகிறார்கள். 1948 பி-29 வராது, அமெரிக்கர்கள் என்பதாலும் வராது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

கறார் கந்தன்:
அது கல்லறைக் கணக்கு. நான் கேட்பது போர்க் கணக்கு. இன்னொன்று, இதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஆறாவது படத்தை உற்றுப் பாருங்கள். மலைப்பித்தன் கையில் ஒரு அலுமினியத் துண்டு. அடுத்த படத்தில் அது தரையில் இல்லை. அந்தத் துண்டு இப்போது எங்கே?

மலைப்பித்தன்:
அடேயப்பா! தேதி எடுபடலைன்னதும் திருட்டுப் பட்டமா? எடுத்துப் பாத்துட்டு அங்கேயே வச்சுட்டேன்.

கறார் கந்தன்:
1986-ம் வருஷத்து ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. ராணுவப் பணியில் விழுந்த விமானம் எதுவானாலும் தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும். பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்து வைத்தேன், தொட்டுப் பார்த்தேன் என்பதெல்லாம் அங்கே போய்ச் சொல்லுங்கள்.

திருச்சி டீக்கடை:
எழுவது எம்பது வருஷமா மழையில கெடக்குற தகரம்ணே. நம்மூரா இருந்தா அடுத்த நாளே எடைக்குப் போயிருக்கும். இதுக்கு ஒரு சட்டமா?

யாழ்வாணி:
தகரமோ? அந்த பி-29 கிடக்கிற இடத்தில நினைவுக்கல் இருக்கு. சனம் சின்னச் சிலுவையும், போரில செத்தவையை நினைச்சு வைக்கிற பொப்பிப் பூவும் கொண்டுபோய் வைக்குதுகள். எஞ்சினும் சில்லும் விழுந்தபடியே கிடக்கு. அதுக்கு மேல ஏறி நிண்டு படம் எடுக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். மலைப்பித்தன் தம்பி, உங்கட மூண்டாவது படமும் அப்பிடித்தான் இருக்கு, சொன்னால் கோவிக்கக் கூடாது.

மலைப்பித்தன்:
அக்கா, நீங்களுமா? எஞ்சின் மேல கை வச்சிருக்கேன், கால் வைக்கல. படத்தப் பெருசாக்கிப் பாருங்க.

பினாங்கு பேரன்:
கந்தன் ஐயா, அந்தச் சட்டம் விமானம் போரில் விழுந்ததா, பிறகு விழுந்ததா என்று பார்க்கிறதா?

கறார் கந்தன்:
பார்ப்பதில்லை.

பினாங்கு பேரன்:
சட்டமே பார்க்காததை நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள்?

கறார் கந்தன்:
ஏனென்றால் தலைப்பில் "போரில் விழுந்த" என்று இருக்கிறது. சட்டத்துக்குத் தலைப்பு வைத்தது மலைப்பித்தன் இல்லை. பீக் டிஸ்ட்ரிக்டில் போரின்போதே விழுந்த விமானங்கள் எத்தனையோ உண்டு. அதில் ஒன்றுக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே சின்னச் சின்னத் துண்டுதான் கிடக்கும், படம் எடுபடாது. பெரிய எஞ்சின் வேண்டும், கூடவே போர் என்ற பெருமையும் வேண்டும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காததால் தேதியை வளைத்தாகிறது. மே 8 என்றால் மே 8. லண்டன் தெருவில் ஜனங்கள் ஆடிப் பாடிப் பத்து நாள் ஆகிவிட்டது.

மலைப்பித்தன்:
போன வருஷம் கொடைக்கானல் ரோடு விவாதத்துல பாதியில காணாமப் போனவரு இன்னிக்கு நீதிபதியா உக்காந்திருக்காரு. அங்க கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல சார்.

கறார் கந்தன்:
நான் காணாமல் போகவில்லை. அந்த இழையைப் பூட்டியது நீங்கள் புகார் கொடுத்ததால். அதை எல்லாருக்கும் சொல்லட்டுமா?

ஏடு பார்ப்பவன்:
நான் கொடுத்த ஆணையத்தின் வரையறையை யாருமே தொடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

திருச்சி டீக்கடை:
அண்ணே, அடுத்த மாசம் மான்செஸ்டர்ல தம்பி வீட்டுக்கு வர்றேன். அந்த மலைப்பக்கம் போற ஸ்நேக் பாஸ் ரோட்டு உச்சியில வண்டி நிப்பாட்ட எடம் இருக்கா?

கறார் கந்தன்:
சாலையோரம் கொஞ்சம் இருக்கிறது. அங்கிருந்து பென்னைன் வே என்ற நடைபாதை கிடைக்கும். போய்ப் பாருங்கள், ஒன்றையும் தொடாதீர்கள். திரும்பி வந்து உலகப் போர் விமானம் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

பினாங்கு பேரன்:
தாராளமாக எழுதுங்கள். ஆகஸ்ட் 15 வரைக்கும் போர்தான்.

கறார் கந்தன்:
டெர்பிஷயரில் இல்லை.

மலைப்பித்தன்:
தலைப்ப மாத்த மாட்டேன். அடுத்த பதிவுக்கும் அதே தலைப்புதான், பாகம் ரெண்டு.

கறார் கந்தன்:
போடுங்கள். முதல் மறுமொழி என்னுடையதாகத்தான் இருக்கும்.