பகல் வேலையை விடாமல், மாலை வகுப்பில் படித்து வெல்டர் ஆக முடியுமா? (கடலூர்)

கெடிலக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இரும்புக் கடையில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 34, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். நாள்தோறும் ஆங்கிளையும் சேனலையும் குழாயையும் எடைபோட்டு வண்டியில் ஏற்றிவிடும் எனக்கு, அவற்றை வாங்கிச் செல்பவர்கள் செய்யும் வேலையின் மீது நெடுநாளாக ஆசை உண்டு. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஓராண்டு சம்பளம் இல்லாமல் ஐ.டி.ஐ.யில் போய் உட்கார வழியில்லை. மாலை 6 மணிக்கே என்னை விட்டுவிட முதலாளி சம்மதித்திருக்கிறார்.

புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள ஒரு தனியார் பயிற்சி மையத்தில், ஆறு மாத மாலை வகுப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு மணி நேர வகுப்பு, வாரம் ஐந்து நாள். முடித்தால் சான்றிதழும் வேலையும் உறுதி என்கிறார்கள். அந்தப் பணத்தைக் கட்டலாமா? இந்த வயதில் இப்படிப் படித்து வருபவனை சிப்காட்டிலோ நெய்வேலியிலோ வேலைக்கு எடுப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பட்டறை வாத்தியார்:

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யின் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். ஆனால் அது முழுநேர வகுப்பு என்பதால் உங்களுக்கு ஒத்துவராது. பலருக்குத் தெரியாத இன்னொரு வாயில் இருக்கிறது. ஒரு தொழிலில் மூன்று ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டக்கூடியவர், ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் அதே தேசியத் தொழிற்சான்றிதழ்தான் கிடைக்கும். அதற்கான அறிவிப்பை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வெளியிடும்போது, விதிகளைக் கடலூர் அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்கள் மேட்டுப்பாளையத்திலுள்ள ஆண்கள் ஐ.டி.ஐ.யில் கேட்கலாம்.

ஆகவே, மாலையில் ஒரு பட்டறையில் உதவியாளராகச் சேரும் நாளிலிருந்தே, சம்பளம் சிறிதாக இருந்தாலும், தேதியிட்ட எழுத்துச் சான்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்துத் தேடினால், அந்தப் பட்டறையே இருக்குமா என்பது தெரியாது.

சிப்காட் ஃபேப்ரிகேஷன்:

தம்பி, நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒப்பந்த வேலைக்கு வெல்டர்களைத் தேர்ந்தெடுத்து வருகிறேன். என்னிடம் வருபவரிடம் சான்றிதழைக் கடைசியாகத்தான் கேட்பேன். முதலில் இரண்டு தகடுகளைக் கொடுத்து, அவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலாகப் பற்றவைக்கச் (வெல்டிங் செய்யச்) சொல்வேன்; அதுதான் 3ஜி என்னும் நிலை. தலைக்கு மேலே பிடித்துச் செய்வது 4ஜி. குழாயை 45 பாகை சாய்த்து, அசையாமல் நிறுத்திச் செய்யும் 6ஜி.யில் தேறியவர்தான் உயரழுத்தக் குழாய்ப் பணிக்குப் போக முடியும். பாய்லர் வேலையென்றால் 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைப்படி தனித்தேர்வும் சான்றும் வேண்டும். நெய்வேலியில் பராமரிப்புக் காலத்தில் ஒப்பந்ததாரர்கள் தேடி அலைவது அத்தகைய எச்.பி. (உயரழுத்த) வெல்டர்களைத்தான். புதிதாக வருபவர் முதல் ஆண்டிலேயே அங்கே போவேன் என்று எண்ண வேண்டாம். கேட், கிரில், கூரைச் சட்டம், 3ஜி தகடு என்று படிப்படியாகத்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

இனி அந்த 40,000 ரூபாய்க்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை அங்கே போய், சும்மா நின்று எண்ணிப் பாருங்கள். பதினெட்டுப் பேருக்கு மூன்று மெஷின் என்றால் ஒரு மெஷினுக்கு ஆறு பேர்; இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கு 20 நிமிடம் கிடைக்கும். அதிலும் தகட்டை வைப்பது, கசடு தட்டுவது, பிரஷ் போடுவது என்று பாதி போய்விட்டால், ஆர்க் (ராடின் நுனியில் எழும் மின்பொறி) எரிவது 10 நிமிடம். ஆறு மாதத்தில் 130 வகுப்பு என்று வைத்தாலும், மொத்தம் 21 மணி நேரச் சொச்சம்தான் உங்கள் கையில் நெருப்பு இருந்திருக்கும். அந்தக் கையை நம்பி நான் எப்படி ஒரு டேங்கை ஒப்படைப்பேன்? ஆகவே, 'ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை ராடு (பற்றவைக்கும்போது எரிந்து உருகும் கம்பி) தருவீர்கள்?' என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள். 3.15 மி.மீ. ராடு ஒன்று எரிந்து தீர ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது ராடாவது எரிக்காமல் கை பழகாது.

ராடைப் பற்றி இன்னொன்றும் கவனியுங்கள். பல மையங்களில் தொடக்கம் முதல் முடிவு வரை 6013 என்னும் வகை ராடிலேயே பழக்கி அனுப்பிவிடுகிறார்கள். அது எளிதாகப் பற்றும், கேட்டுக்கும் கிரில்லுக்கும் நன்றாகவே போதும். ஆனால் பாரம் தாங்கும் வேலைக்கு 7018 என்னும் வகையைக் கேட்பார்கள். அது குறைந்த ஹைட்ரஜன் வகை. நம் ஊரில் கடல் காற்று எப்போதும் ஈரமாக இருப்பதால், பெட்டியைத் திறந்து வைத்தால் அதன் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜனாகி, பற்றவைத்த இடத்தில் நுண்துளைகளையும், ஆறிய பிறகு விரிசலையும் உண்டாக்கும். அதனால்தான் பெட்டியில் அச்சிட்டுள்ள வெப்பநிலையில் ஓவனில் வைத்துச் சுட்டு, சூடு குறையாமல் எடுத்து எரிக்க வேண்டும் என்கிறோம். ராடு சுடும் ஓவன் இல்லாத மையம், 7018 சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

என் யோசனை இதுதான்: அந்தப் பணத்தில் பாதியைக் கொண்டு நல்ல ஹெல்மெட், கையுறை, சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், ராடு, துண்டுத் தகடு வாங்குங்கள். நீங்கள் இரும்புக் கடையில் இருப்பவர். வெட்டிக் கழித்த துண்டுகள் உங்களுக்கு எடை விலையில் கிடைக்கும். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம், இரவு 9 மணி வரை கிரைண்டிங்கும் கசடு தட்டலும் செய்துகொடுப்பதாகவும், கடைசி அரை மணி நேரம் தம் கண் முன்னால் எரிக்கவிட வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டை மாலைநேரம்:

ஐயா சொல்லும் கணக்கு சரிதான். ஆயினும் வகுப்பே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தபடியே, 37 வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து கற்றவன். ஆர்க் நீளத்தை எவ்வளவு வைப்பது, ஆம்பியர் கூடினால் ஓரத்தில் ஏன் பள்ளம் விழுகிறது, வரைபடத்தில் உள்ள பற்றவைப்புக் குறியீட்டை எப்படிப் படிப்பது என்பவற்றைப் பட்டறையில் யாரும் நின்று விளக்க மாட்டார்கள்; 'அப்படித்தான்' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அவற்றை விளக்கியது வகுப்புதான். மூன்று மாதம் வகுப்பு, கூடவே பட்டறை என்று இரண்டையும் சேர்த்தால்தான் பலன் கிடைத்தது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் முழுதும் வேலை பார்த்துவிட்டு வரும் அலுப்பில், ஹெல்மெட்டை இறக்காமல் 'ஒரே ஒரு டேக்' (தகடு நகராமலிருக்க வைக்கும் சிறு பற்று) என்று வைப்போம். அப்போது ஒன்றும் தெரியாது. இரவு 1 மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிந்து விழித்துக்கொள்வோம். எனக்கு அது இரண்டு முறை நேர்ந்தது. உருளைக்கிழங்கு வை, தாய்ப்பால் விடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் கண்ணில் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி ஆகியவை இல்லாமல் ஒரு நாள்கூட நிற்காதீர்கள். பாலியெஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

புகை அதைவிட மோசம். பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாயை எரித்தால் துத்தநாகப் புகையில் அன்றிரவே காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. காற்றோட்டமும் புகைக்கான முகக்கவசமும் இருக்கிறதா என்பதையும் வகுப்பில் சேரும்போதே பாருங்கள்.

மஸ்கட் திரும்பி:

யாரேனும் 'படித்து முடித்ததும் வளைகுடா' என்று ஆசை காட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். முகவரின் பெயர் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அங்கேயும் இறங்கியதும் டெஸ்ட் பீஸ்தான் கொடுப்பார்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அந்த மையத்துக்குப் போய் எண்ணினேன். பதினாறு பேர், ஓடும் மெஷின் இரண்டு. ஓவன் எங்கே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பணம் கட்டவில்லை. எங்கள் கடையில் வழக்கமாக இரும்பு வாங்கும் செம்மண்டலத்துப் பட்டறைக்காரர், இரவு 7 முதல் 9 வரை வரச் சொல்லிவிட்டார். அனுபவச் சான்றும் எழுதித் தருவதாகச் சொன்னார். வரைபடமும் கோட்பாடும் கற்க, மூன்று மாத வகுப்பு வேறெங்காவது கிடைக்கிறதா என்று தேடுகிறேன். ஒரே ஓர் ஐயம்: எனக்குப் பார்வைக் கண்ணாடி உண்டு. அதைப் போட்டுக்கொண்டே ஹெல்மெட் அணியலாமா?

சிப்காட் ஃபேப்ரிகேஷன்:

தாராளமாக அணியலாம், தம்பி. ஒன்றரை அடி தூரத்தில் உருகும் குழம்பின் விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தத் தூரத்தைச் சொல்லிக் கண்ணாடியைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்கள் 3ஜி.யில் பற்றவைத்த தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வாருங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அதைப் பட்டையாக வெட்டி, 'யு' வடிவில் வளைத்து, எங்கே திறக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் அது தேறாத பற்று. முதல் தடவை பிளக்கத்தான் செய்யும். எந்த இடத்தில் பிளந்தது என்பதைப் பார்த்தால், கை எங்கே தவறியது என்று சொல்லிவிடலாம்.