வெளியில் அமர்ந்து வரையும் இளம் ஓவியரைச் சந்தித்த அனுபவம் உண்டா?

சங்கராபரணி:
சென்ற மாசியில் செஞ்சிக்குப் போயிருந்தபோது, கிருஷ்ணகிரிப் படிகளின் பாதி வழியில், எதிரே நிற்கும் ராஜகிரியைப் பார்த்தபடி இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் மடியில் பலகையை வைத்து நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். உச்சி வெயில் என்பதால் என் குடையை அவர் தலைக்கு மேல் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். "கை வலிக்கப்போகிறது, அண்ணா" என்று ஒரே ஒருமுறை நிமிர்ந்து சொன்னார். முடித்துவிட்டு அவர் தாளை வெயிலில் நீட்டிய கணம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. சாம்பலும் பழுப்புமாக இருக்க வேண்டிய பாறைகள், பாசி பிடித்தவை போல நீலப் பச்சையாகத் தெரிந்தன. என் குடை சிவப்புத் துணிக் குடை. அதன் சாயல் தாளில் விழ, அதை ஈடுகட்ட அவர் தம்மை அறியாமலேயே நீலத்தையும் பச்சையையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். காரணம் அவருக்கும் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் நன்றி கூறிவிட்டு இறங்கிப் போனார்.

குறிஞ்சி:
கொடைக்கானலில் பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்லும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் ஒரு கல்லூரி மாணவி பள்ளத்தாக்கை வரைந்து முடிக்கும் தறுவாயில் மேகம் ஏறி வந்து அனைத்தையும் மூடியது. காட்சி போயிற்று என்று நாங்கள் வண்டிக்குத் திரும்பினோம், அவர் எழுந்திருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது, ஈரக் காற்றில் இன்னும் காயாதிருந்த அந்தத் தாளில், வெறும் நீர் தோய்த்த அகலத் தூரிகையால் தாம் வரைந்த சரிவுகளையும் சமவெளியையும் ஒத்தி ஒத்தி அழித்துக்கொண்டிருந்தார். பதறிப்போய், "ஏனம்மா?" என்றேன். "இப்போது தெரிவது இவ்வளவுதானே, அக்கா" என்றார்.

கரிக்கோல்:
சங்கராபரணி அவர்கள் தம்மைக் குற்றவாளியாக எண்ண வேண்டியதில்லை. குடையே இல்லாதிருந்தாலும் அந்தப் படம் தவறியிருக்கும். நேர்வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்வதால் வரைபவர் வண்ணத்தை அடர்த்தியாகக் கலந்துவிடுவார், வீட்டுக்குள் கொண்டுபோனதும் படம் இருண்டு தெரியும். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களின் எதிரே ஒரு சிறுமி, தன் நிழலே தாளில் விழும்படி திரும்பி அமர்ந்து வரைந்ததைப் பார்த்தேன். அந்தச் சிறுமி செய்ததுதான் சரி.

வெளியில் வரையப் போகும் பிள்ளைகள் கறுப்பு அல்லது சாம்பல் நிறக் குடையே கொண்டுபோக வேண்டும். மெல்லிய தாள் நீர் பட்டதும் நெளியும் என்பதால், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் பலகையில் பொருத்திக்கொள்வது நல்லது. நம் வெயிலில் வண்ணம் தூரிகை திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும். ஆகையால் சிறிய அளவில் வரையுங்கள். நிழல்கள் நகர்ந்துகொண்டே இருப்பவை, எனவே முதல் பத்து நிமிடத்திலேயே அவற்றைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அவை எங்கே போனாலும் பின்தொடராதீர்கள். கறுப்பு வண்ணம் வாங்கவே வேண்டாம்; அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்தால் பாறைக்குரிய உயிருள்ள சாம்பல் கிடைக்கும். தாளின் பின்புறம் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் மேட்டிலிருந்து மேகங்களை வரைந்தபோது நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக்கூடக் குறித்து வைத்தார். குறிஞ்சி அவர்கள் சொன்ன மாணவி அழித்ததில் தவறில்லை. ஆனால் அழிப்பதைவிட இன்னொரு தாளை எடுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

அரிசிலாறு:
இன்னொரு தாள் அவரிடம் இருந்ததா என்பது நமக்குத் தெரியாதே, கரிக்கோல் ஐயா. கும்பகோணத்தில் நான் கண்ட இளைஞரிடம் ஒரு தாள்தான் இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்த ஆண்டு அது. காய்ந்து கிடந்த காவிரி மணலை நாள்தோறும் வந்து வரைந்துகொண்டிருந்தவர், முதல் தண்ணீர் சருகும் நுரையுமாக வந்து சேர்ந்த காலையிலும் படித்துறையில் இருந்தார். கொண்டுவந்த நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, குவளையில் அந்தக் கலங்கல் நீரை அள்ளி, அதில் தூரிகையைத் தோய்த்து ஆற்றை வரைந்தார். நீர் ஏற ஏற, வரைவதை நிறுத்தாமலே ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி அமர்ந்தார். அந்தப் படத்தை நான் விலை கொடுத்து வாங்கினேன். அதன் கீழ்ப்பகுதியை விரலால் தடவினால் வண்டல் இன்னும் நரநரக்கிறது.