பார்க்கிங் சென்சார் மக்கர் செய்கிறதா? முதலில் ஒயரைப் பாருங்கள்

2019 ஜூலையிலிருந்து தயாராகும் கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயம் என்று ஆனதால் இந்தத் தொல்லை இப்போது சின்னக் கார்களுக்கும் வந்துவிட்டது. என் காரில் மழை பெய்தால் மட்டும் வரும். ரிவர்ஸ் கியர் போட்டதும் நீளமாக ஒரு பீப், அதோடு சரி, சுவரில் இடிக்கும்வரை சத்தமே இருக்காது. வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும். சர்வீஸில் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு "இடது ஓர சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். அந்த சென்சாரிலிருந்து பதில் வரவில்லை என்பதுதான் ஸ்கேனருக்குத் தெரியும், செத்தது சென்சாரா ஒயரா என்பது தெரியாது.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். பம்பரை இறக்கி, இடது ஓர சென்சாரையும் வலது ஓரத்தில் இருந்ததையும் இடம் மாற்றினார். அப்போதும் கோளாறு இடதிலேயே காட்டியது, ஆக சென்சார் நல்லதுதான். கனெக்டரில் மூன்று பின்: சப்ளை, எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), சிக்னல். சப்ளை சரியாக வந்தது. எர்த் ஒயரில் மல்டிமீட்டர் 'கீ' என்று சத்தம் போட்டது, அதாவது ஒயர் அறுபடவில்லை, ஆனால் அவர் அதை நம்பாமல், மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஒயர்கட்டை இழுத்து ஆட்டியபடி தண்ணீர் தெளிக்கச் சொன்னார். சத்தம் விட்டுவிட்டு வந்தது. டேப்பைப் பிரித்தால், பம்பர் பிராக்கெட்டில் உரசி ஒயரின் தோல் கிழிந்திருந்தது, உள்ளே செம்பு பூராவும் பச்சைக் களிம்பு. முன்பு டிங்கரிங் செய்தபோது கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டவே இல்லை போல. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, சால்டர் வைத்து, பசை உள்ள ஸ்லீவை மாட்டிச் சூடுகாட்டி இறுக்கினார்.

— — —

இன்னொருவரின் அனுபவம்: என்னுடையது கம்பெனி சென்சார் இல்லை, வெளிக்கடையில் மாட்டிய கிட். ரிவர்ஸில் பிரேக்கை மிதித்தால் மட்டும் டிஸ்ப்ளே அணைந்து மறுபடி எரியும். யூனிட்டின் (சென்சார்களை இயக்கும் பெட்டி) எர்த்தை டெயில் லேம்ப் எர்த்தோடு முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தான் கிட் மாட்டிய மகராசன், அந்த எர்த்தும் துரு. பிரேக் பல்பு எரிந்ததும் அதன் கரண்ட்டும் அதே வழியாகத்தானே போக வேண்டும், யூனிட்டுக்கு வோல்டேஜ் சரிந்துவிடும். பிரேக்கை மிதித்தபடி யூனிட் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பெயின்ட்டைச் சுரண்டி பாடியில் தனி எர்த் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

— — —

மீட்டர் இல்லாதவர்களுக்கு: ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரிவர்ஸ் போட்டு யாரையாவது பிரேக்கில் உட்கார வையுங்கள். பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு சென்சாரிடமும் காதைக் கொண்டுபோனால் மெல்லிய டிக் டிக் கேட்கும். எதில் கேட்கவில்லையோ அங்கிருந்து ஆரம்பியுங்கள்.