ஆர்பிஜி மேக்கர் எம்வி (பிஎஸ்4): சோதனைச்சாவடி காட்சியில கேம் உறைஞ்சு நிக்குது, உதவுங்க

புளியரை_ஹால்ட்:
ஆர்பிஜி மேக்கர்ங்கிற, ப்ரோக்ராம் எழுதாம கேம் செய்யற மென்பொருள்ல ஒரு கேம் செய்யறேன். கதை சின்னதுதான். வைக்கோல் லாரிக்காரர் புளியரையில இருந்து கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு போகணும். வழியில சாவடி. ரோடு 3 கட்டம் அகலம். இடது கட்டத்துல லாரி நிக்குது, நடுவுல காவலர், வலதுல கேட். "எங்கோட்டா? பர்மிட் எவிடே?"ன்னு காவலர் கேப்பார். பர்மிட் இருந்தா கேட் மறையும், அவர் வலது பக்கம் ஒதுங்குவார், நடுவுல நடந்து போயிடலாம். இல்லன்னா திருப்பி அனுப்புவார்.

காட்சி ஈவென்ட் (மேப்ல வைக்கிற கட்டளைத் தொகுப்பு) ஆட்டோரன், அதாவது தானா ஓடுறது. கடைசி கட்டளை செல்ஃப் ஸ்விட்ச் (அந்த ஈவென்ட்டுக்கு மட்டுமான ஆன்-ஆஃப் குறி) ஏ ஆன். ஏ நிபந்தனை போட்ட ரெண்டாவது பேஜ் (அதே ஈவென்ட்டோட அடுத்த நிலை) காலியா இருக்கு. ஆனாலும் உறையுது. பாட்டு ஓடுது, மெனு திறக்கல, ஆள் நகரல.

மேக்கரை_மழை:
ஈவென்ட்டைச் சரிபார்க்கிற ப்ளக்இன் (கூடுதல் நிரல்) ஒண்ணு கிடைக்கும், அதைப் போட்டுப் பாருங்க.

கோட்டைவாசல்:
அது கணினிப் பதிப்புக்கு. கன்சோல்ல ப்ளக்இன் போட முடியாது, வெளியில இருந்து படமும் ஏத்த முடியாது. ஈவென்ட் கட்டளையை வச்சேதான் தீர்க்கணும். இந்தச் சிக்கலுக்கு அது தாராளமா போதும்.

தம்பி, பர்மிட் இருந்தாலும் இல்லாட்டாலும் ஒரே மாதிரிதான் உறையுதா? தனித்தனியா ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க. பழைய சேவ் ஃபைலைத் திறக்காம புது ஆட்டமா ஆரம்பிங்க. ஏற்கெனவே ஆன் ஆன ஸ்விட்ச் சேவ்லயே உக்காந்திருக்கும், சோதனையைக் குழப்பிடும்.

புளியரை_ஹால்ட்:
வேற வேற மாதிரிதான் அண்ணாச்சி! பர்மிட் இல்லன்னா காவலர் பேசினதையே திரும்பத் திரும்பப் பேசுறார். இருந்தா கேட் மறையுது, அதுக்கப்புறம் பேச்சு மூச்சு இல்ல, காவலர் நின்ன இடத்துலயே நிக்கார்.

பர்மிட் உள்ள கிளையில வரிசை: ஸ்விட்ச் 004 ஆன் (கேட் திறந்தது), செட் மூவ்மென்ட் ரூட் (நடக்க வைக்கிற கட்டளை) காவலருக்கு மூவ் ரைட் ஒண்ணு, வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் (முடியுற வரை காத்திரு) டிக், அப்புறம் செல்ஃப் ஸ்விட்ச் ஏ ஆன். இல்லாத கிளையில வசனம் மட்டும்.

கோட்டைவாசல்:
அப்போ இது ஒரு நோய் இல்ல, ரெண்டு.

பேச்சு திரும்பத் திரும்ப வருதுன்னா ஆட்டோரன் சுழலுதுன்னு அர்த்தம். பேஜோட நிபந்தனை பொருந்துற வரைக்கும் அது முடிஞ்ச கையோட முதல்ல இருந்து ஓடும், ஓடுற வரைக்கும் பிளேயரைக் கட்டிப் போட்டிருக்கும். பர்மிட் இல்லாத கிளையில எந்த ஸ்விட்சும் மாறல, அதனால நிக்க வழியே இல்ல. அங்கயும் ஏ ஆன் போடலாமேன்னு தோணும், போடாதீங்க. அப்புறம் பர்மிட் வாங்கிட்டு வந்தாலும் காட்சி வராது. இரேஸ் ஈவென்ட்டும் சரிப்படாது, மேப்பை விட்டுப் போய்த் திரும்பினா மறுபடி முளைக்கும்.

பேச்சில்லாம உறையுறது மூவ்மென்ட் ரூட். காவலர் வலது பக்கம் போகப் பார்க்கார், வழி அடைச்சிருக்கு. 'முடியலன்னா விட்டுடு' டிக் இல்ல, 'முடியுற வரை காத்திரு' டிக் இருக்கு. நாள் முழுக்கக் காத்திருப்பார், உங்க செல்ஃப் ஸ்விட்ச் வரி வரைக்கும் ஓட்டம் வரவே இல்ல. சந்தேகம் இருந்தா மூவ்மென்ட் ரூட்டுக்கு அடுத்த வரியா "வந்தாச்சு"ன்னு ஒரு வசனம் வைங்க. அது திரையில வராது, பாருங்க.

கேட்டோட ரெண்டாவது பேஜ் எப்படி வச்சிருக்கீங்க?

புளியரை_ஹால்ட்:
நிபந்தனை 004, படம் இல்ல. மத்ததைத் தொடவே இல்ல. ப்ரையாரிட்டி 'சேம் ஆஸ் கேரக்டர்ஸ்'னு (ஆளோட சம மட்டத்துல) இருக்கு.

கோட்டைவாசல்:
அதான். படத்தை எடுத்துட்டா ஈவென்ட் போயிடாது. கண்ணுக்குத் தெரியாத கேட் அங்கேயே நிக்குது. ப்ரையாரிட்டியைக் கீழ இறக்கினா பிளேயருக்கு வழி விடும், ஆனா எம்வியில இன்னொரு ஈவென்ட்டுக்கு வழி விடாது. நடக்கப்போறது காவலர்ங்கிற ஈவென்ட். அதனால கேட்டோட ரெண்டாவது பேஜ்ல த்ரூ (மத்தவங்க ஊடுருவிப் போகலாம்) டிக் போடுங்க. 'முடியலன்னா விட்டுடு' போட்டு மட்டும் தப்பிக்காதீங்க. உறையாது, ஆனா காவலர் நடுவுலயே நிப்பார், ஆள் எப்படிப் போவார்?

குண்டாறு:
முதல் நோய்க்கு நான் சொல்லுதேன். ஆட்டோரனை விட்டுட்டு ப்ளேயர் டச்சுக்கு (ஆள் மிதிச்சா ஓடுறது) மாத்துங்க, ப்ரையாரிட்டி 'பிலோ' (ஆளுக்குக் கீழ). காவலருக்கு ஒரு கட்டம் முன்னால, ரோடு அகலத்துக்கு 3 கட்டத்துலயும் அதே ஈவென்ட்டை நகல் வைங்க. ஒண்ணு மட்டும் வச்சா ஓரமாப் போயி காட்சியையே தாண்டிடுவாங்க.

பர்மிட் இல்லாத கிளையில வசனத்துக்கு அப்புறம் பிளேயருக்கு 'ஒன் ஸ்டெப் பேக்வர்ட்'. முகம் காவலரைப் பார்த்தபடியே ஒரு அடி பின்வாங்குவார், திரும்ப மிதிச்சாத்தான் காட்சி வரும்.

இங்க செல்ஃப் ஸ்விட்ச் வேண்டாம். அது அந்தந்த ஈவென்ட்டுக்கு மட்டும் சொந்தம். இடது கட்டத்துல ஏ ஆன் ஆனா நடுக் கட்டத்துக்குத் தெரியாது, அங்க மிதிச்சதும் காவலர் மறுபடி பர்மிட் கேப்பார். அதனால பொது ஸ்விட்ச் 005 'சாவடி முடிஞ்சது', பர்மிட் உள்ள கிளையோட கடைசி வரியில ஆன். மூணு நகலுக்கும் 005 நிபந்தனையோட காலி ரெண்டாவது பேஜ், ட்ரிகர் ஆக்‌ஷன் பட்டன்.

இன்னொண்ணு, பர்மிட்டுக்கு விலை 0 வைங்க. விலை இருந்தா கடையில வித்துட்டு வந்து நிப்பாங்க.

கோட்டைவாசல்:
நல்லா சொன்னீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு: மேப்பை விட்டுப் போய்த் திரும்பினா காவலர் பழைய இடத்துல, நடுரோட்டுல நிப்பார். ஈவென்ட் நடந்துபோன இடத்தை மேப் ஞாபகம் வச்சுக்காது. ஆரியங்காவு போயிட்டுத் திரும்பி வர்றவருக்கு வழி அடைஞ்சிடும்.

வலது கட்டத்துல கேட் ஈவென்ட் ஏற்கெனவே இருக்கறதால, அதுலயே மூணாவது பேஜ் சேருங்க: நிபந்தனை 005, படம் அதே காவலர், ப்ரையாரிட்டி சேம், த்ரூ வேண்டாம். பல பேஜ் பொருந்தினா பெரிய எண்ணுள்ள பேஜ்தான் ஓடும், அதனால 004 ஆன்லயே இருந்தாலும் பரவாயில்ல. பழைய காவலருக்கு 005 நிபந்தனையோட ரெண்டாவது பேஜ், படம் இல்லாம, த்ரூ டிக்கோட. 005 ஆன் ஆகிற நொடியில நடந்துபோன காவலர் மறைவார், அதே கட்டத்துல மத்தவர் தோணுவார். மாத்தினதே தெரியாது.

புளியரை_ஹால்ட்:
ரெண்டும் தீர்ந்துது, திரும்பி வந்தாலும் வழி இருக்கு. ஒரே ஒரு குறை, ஆள் மாறுற நேரத்துல காவலர் சடக்குன்னு கீழ பார்த்துத் திரும்புறார்.

கோட்டைவாசல்:
நடந்து முடிச்சவர் வலது பார்த்து நிக்கார், மூணாவது பேஜ் படம் கீழ பார்க்குது. ரூட்ல மூவ் ரைட்டுக்கு அடியில 'டர்ன் டவுன்' ஒண்ணு சேருங்க.