அக்கா மகன் பர்மியம்தான் படிக்கிறான்: தமிழ்ப் புத்தகம் வாங்கித் தரலாமா?

கமாயுட் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் இருக்கும் மச்சான் ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகிறார். தைப்பூசத்தை ஒட்டி ரங்கூன் வருகிறார். "லிஸ்ட் அனுப்பு, வாங்கிட்டு வர்றேன்" என்றார். இந்த வருஷம் கவரில் பணம் வைத்துக் கொடுப்பதை விட்டு, வீட்டில் எல்லோருக்கும் புத்தகமாகக் கொடுக்க ஆசை.

அப்பாயிக்கு 78 வயசு. தமிழ் நன்றாகப் படிப்பாங்க, இப்போது கண் மங்கல். பெரியப்பா பர்மியப் பேப்பர் மட்டும் படிப்பார். தங்கச்சிக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆனது. அக்கா மகனுக்கு 11 வயசு. வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. ஆனால் பர்மியக் கதைப் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான்.

நால்வருக்கும் உரையோடு கூடிய திருக்குறள் என்று முடிவு பண்ணியிருந்தேன். அக்கா வேண்டவே வேண்டாம் என்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

சிரியம் பெரியவர்:
தம்பி, முடிவை மாற்றாதீர்கள். 1960களில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு இந்த நாட்டில் தமிழ் எழுத்து உயிரோடு இருப்பது கோயில் மண்டபத்திலும் நாலு பேர் வீட்டு அலமாரியிலும்தான். பர்மியப் புத்தகம் அந்தப் பையனுக்குத் தெருவெல்லாம் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தைத் தாய்மாமன் நீங்கள் வாங்கித் தராவிட்டால் வேறு யார் தருவார்? இன்றைக்குப் படிக்காவிட்டால் பத்து வருஷம் கழித்துப் படிக்கட்டும். வீட்டில் இருந்தால்தானே என்றைக்காவது எடுத்துப் பார்ப்பான்.

மோல்மீன் அக்கா:
ஐயா, உங்கள் வயசுக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். எங்க பக்கம் ஆண்டு விழா தவறாமல் குறள்தான் பரிசு. வாங்கிப்போன வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் சாமி மாடத்தில் இருக்கும், மேலே குங்குமம் வைத்திருப்பாங்க. கும்பிடுறாங்க, படிக்கவில்லை. குறளுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை என்ன இருக்கு?

11 வயசுப் பிள்ளை ஆசையாகப் பிரித்துப் பார்க்கிறான். உள்ளே ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. சுற்றி நிற்கிற பெரியவங்க, "பாத்தியா, இதுக்குத்தான் தமிழ் படின்னு சொன்னோம்" என்கிறாங்க. அவனுக்கு அது பரிசா, திட்டா? படிக்கிற பிள்ளை கிடைப்பதே அபூர்வம் ஆகிவிட்ட காலம் இது. தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் வைக்கிற பையனுக்கு அந்தப் பசியைத் தீர்க்கிற புத்தகம் கொடுங்க. மாண்டலே எழுத்தாளர் லூடு ஊ லா இந்த நாட்டு இனங்களின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி 40-க்கும் மேற்பட்ட தொகுப்புகளாகப் போட்டிருக்கிறார். ஷான் கதை, மோன் கதை, கச்சின் கதை என்று தனித்தனியாக இருக்கும். சின்னச் சின்னக் கதைகள். ராத்திரி அவன் ஒன்றை அப்பாயிக்குப் படித்துக் காட்டட்டும், அப்பாயி பதிலுக்கு ஒரு கதை சொல்லட்டும். தமிழ் அந்த வழியாகவும் வரும்.

சிரியம் பெரியவர்:
அம்மா, அப்பாயி போன பிறகு?

மோல்மீன் அக்கா:
அதற்காகத்தான் அப்பாயி இருக்கும்போதே அவங்களோடு உட்காருகிற மாதிரி ஒரு புத்தகம் கேட்கிறேன்.

பன்சோடான் வாசகன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். பையனைப் பற்றியே பேசிக்கொண்டு அப்பாயியை விட்டுவிட்டோம். இருக்கிறவர்களில் உண்மையான தமிழ் வாசகி அவங்கதான்.

தம்பி, அப்பாயிக்கு எந்தப் புத்தகம் என்பதைவிட எந்தப் பதிப்பு என்பதுதான் பெரிய விஷயம். சாதாரணத் தமிழ்ப் புத்தகம் 10, 11 பாயிண்ட் எழுத்தில் வருது. மங்கின கண்ணுக்கு 16 பாயிண்டாவது வேணும். நம்ம எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம். பொடி அச்சில் ன-வும் ண-வும் ஒன்றாகத் தெரியும், புள்ளி மறைஞ்சே போகும். வழவழப்பான வெள்ளைத் தாள் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். லேசான பழுப்புத் தாள் நல்லது.

அவங்க தலைமுறைக்குப் 'பொன்னியின் செல்வன்' பிடிக்கும் என்று பலபேர் வாங்குவாங்க. 1950 முதல் 54 வரை தொடராக வந்தது, 5 பாகம். கல்கியின் எழுத்து அரசுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுது. மலிவாக இருக்கிறதில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கட்டினது வந்தால் தொடவே வேண்டாம், 78 வயசுக் கையால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. தனித்தனிப் பாகமாக, முதலில் ஒன்று மட்டும் வாங்குங்க. பிடிச்சா அவங்களே அடுத்ததைக் கேட்பாங்க.

இன்னொன்று. மச்சானைப் புத்தகத்தை நடுவில் விரித்து முதுகைப் பார்க்கச் சொல்லுங்க. வெறும் பசையில் ஒட்டினது நம்ம ஊர் மழைக்குத் தாங்காது. மே முதல் அக்டோபர் வரைக்கும் இருக்கிற ஈரத்தில் பசை விட்டு, பக்கம் பக்கமாகக் கையோடு வந்துடும். நூல் தையல் போட்டதாகப் பார்த்து வாங்கட்டும்.

கமாயுட் தம்பி:
எழுத்தின் அளவு எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. பெரியப்பாவுக்கு?

பன்சோடான் வாசகன்:
பெரியப்பா கடைசியாக முழுசாகப் படித்து முடித்த புத்தகம் எதுன்னு கேளுங்க. "பிடிச்ச புத்தகம் எது" என்று கேட்டால் எல்லோரும் பெருமைக்கு ஒரு பேர் சொல்வாங்க. முடித்தது எதுன்னு கேட்டால்தான் உண்மை வரும்.

பேப்பர் மட்டும் படிக்கிறவர்களுக்குக் கதையைவிட நடந்த விஷயம் பிடிக்கும். வாழ்க்கை வரலாறு, ஊர் வரலாறு, சிறை அனுபவம் கொடுக்கலாம். பயன்படுகிற மாதிரி வேணும் என்றால் நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்று டேல் கார்னகி எழுதின புத்தகத்தை பர்மியத்தில் கொண்டுவந்ததே நம்ம பழைய பிரதமர் ஊ நு. அந்த வயசுக்காரர்களுக்கு மொழிபெயர்த்தவர் பேரே போதும், எடுத்துப் பார்ப்பாங்க. பெரிய நாவல் தாங்குவார் என்றால் மியா தான் திண் மொழிபெயர்த்த டால்ஸ்டாய் இருக்கு. பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய பிரதி தேடிப் பாருங்க, 37-ஆம் தெருவையும் விடாதீங்க. பழைய புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கக் கூச்சப்படவேண்டாம். புத்தகம் படிக்கிறவருக்கு அதுதான் சந்தோஷம்.

ஐயாவுக்கும் ஒரு தகவல். திருக்குறள் பர்மிய மொழியில் 1960களிலேயே வந்தாச்சு. எங்கேயாவது கண்ணில் பட்டால் பெரியப்பாவுக்கு அதை வாங்குங்க. குறளும் ஆச்சு, படிக்கவும் படிப்பார்.

சிரியம் பெரியவர்:
பெரியப்பாவுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். அறுபது வயதுக்காரரை மாற்ற முடியாது. பையன் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோயில் வகுப்பு சயாமா:
வணக்கம். நான் கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினதும் கோடை வகுப்பு, மற்ற நாளில் ஞாயிறு மட்டும். இந்தப் பையன் மாதிரிப் பிள்ளைங்கதான் என் வகுப்பில் முக்கால்வாசி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பர்மிய எழுத்து நல்லாத் தெரிஞ்ச பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பாதி தெரிஞ்ச மாதிரி. இரண்டும் ஒரே தாயிடமிருந்து வந்த எழுத்து. மெய்யெழுத்தைச் சுற்றிக் குறி போடும் முறை ஒன்றுதான். தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருது, ஒலி பின்னால் வருது. பர்மியத்திலும் அப்படி முன்னால் போடுகிற குறி இருக்கு. ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளைங்க இந்த இடத்தில் திணறுவாங்க, நம்ம பிள்ளைங்க நிற்கவே மாட்டாங்க. அவங்க திணறுவது வேறு இடத்தில். பர்மியத்தில் 'க' வரிசைக்கே க, க்ஹ, ga என்று தனித்தனி எழுத்து இருக்கு, நமக்கு ஒரே 'க'. "கங்கை" என்று எழுதினால் முதல் 'க'-வை எப்படிச் சொல்வது, கடைசிக் 'கை'-யை எப்படிச் சொல்வது என்று கேட்பாங்க. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை அதையும் காதால் பிடிச்சிடும்.

ஆக, ஐயா சொல்கிற மாதிரி பத்து வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கோடை விடுமுறையில் எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவான். ஆனால் அக்கா சொல்வதும் சரி. எழுத்துக் கூட்டுகிற பிள்ளையிடம் உரையோடு கூடிய 1330 குறளை நீட்டினால் அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரமாட்டான்.

சிக்கல் இங்கேதான். தமிழ்நாட்டில் 11 வயசுக்கு என்று போடுகிற புத்தகத்தில் இங்கே உள்ள பிள்ளைக்குத் தெரியாத சொல் வரிக்கு வரி இருக்கும். 5 வயசுப் புத்தகம் கொடுத்தால் பூனை, பந்து, பொம்மை என்று இருக்கும். 11 வயசுப் பையனுக்கு ரோஷம் வரும். வயசுக்கு ஏற்ற கதையும் வேணும், எழுத்தும் குறைவாக இருக்கணும். அதற்குக் காமிக்ஸ்தான் வழி. துப்பறியும் கதை, காட்டுக் கதை, சண்டைக் கதை எதுவானாலும் பரவாயில்லை. ஒரு கட்டத்துக்கு ஐந்தாறு சொல், மிச்சத்தைப் படம் சொல்லிடும். இதைச் சிலபேர் தமிழ் இலக்கியமா என்று கேட்பாங்க. பிள்ளை இரண்டாம் தடவை தானாக எடுத்துப் படிக்கிற தமிழ், எனக்கு இலக்கியத்துக்குச் சமம்.

குறள் கொடுத்தே ஆகணும் என்றால் ஔவையாரின் ஆத்திசூடியில் தொடங்கட்டும். "அறம் செய விரும்பு" மூணே சொல். பக்கத்துக்கு ஒரு வரியும் ஒரு படமுமாக வருகிற பதிப்புகள் இருக்கு.

சிரியம் பெரியவர்:
சயாமா, காமிக்ஸைத் தமிழ்ப் பரிசு என்று கொடுப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்கிறவர் நீங்கள். ஆத்திசூடிக்கு எதிர்ப்பில்லை.

மோல்மீன் அக்கா:
காமிக்ஸும் பர்மியக் கதையும் இரண்டுமே கொடுங்க. ஒரு பையனுக்கு ஒரு புத்தகம்தான் என்று எவர் சொன்னது?

தங்கச்சி விஷயம் யாருமே பேசவில்லை. தம்பி, கல்யாணமான பெண்ணுக்கு இல்லற அறிவுரைப் புத்தகம் கொடுக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சமையல் புத்தகமும் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் என்ன படித்துக்கொண்டிருந்தாள்? அதையே கொடுங்க. புது வீட்டில் தனக்குப் பழக்கமான ஒன்று கையில் இருக்கணும். எனக்குக் கல்யாணமான புதுசில் அண்ணன் துப்பறியும் நாவல்களாக ஒரு கட்டு கொடுத்துவிட்டார். மாமியார் முகம் சுளித்தாங்க, மூணாவது வாரம் அவங்களும் வாங்கிப் படிச்சாங்க.

கமாயுட் தம்பி:
தங்கச்சி தமிழ் வார இதழ்த் தொடர்கள் படிப்பாள். மாப்பிள்ளை தௌஞ்ஜி பக்கம், பர்மியமும் ஆங்கிலமும் படிப்பார். தங்கச்சிக்கு மட்டும் கொடுத்தால் அவர் சங்கடப்படுவாரோ?

பன்சோடான் வாசகன்:
அவருக்குத் தனியாக ஒன்று இங்கேயே வாங்குங்க. இரண்டு பேருக்கும் பொதுவாக என்று தேடினால் இரண்டு பேரும் படிக்காத புத்தகம்தான் கிடைக்கும்.

கமாயுட் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு அனுப்பிய பட்டியல்: அப்பாயிக்குப் பொன்னியின் செல்வன் முதல் பாகம், பெரிய எழுத்து, நூல் தையல். தங்கச்சிக்கு அவள் சொல்கிற எழுத்தாளரின் இரண்டு நாவல். பையனுக்குப் படத்தோடு ஆத்திசூடி, கூடவே மூன்று காமிக்ஸ். பெரியப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பன்சோடானில் நானே போய்ப் பார்க்கிறேன். லூடு ஊ லா தொகுப்பும் அங்கேயே. உரையோடு கூடிய குறள் ஒன்றே ஒன்று, எனக்கு.

சயாமா, மார்ச் வகுப்புக்குப் பையன் பேரை இப்போதே கொடுக்கலாமா?

கோயில் வகுப்பு சயாமா:
கொடுங்க தம்பி. முடிந்தால் மச்சானிடம் அதே காமிக்ஸில் இன்னொரு செட் வாங்கச் சொல்லுங்க, காசு நான் தருகிறேன். வகுப்புக்கு வேணும். ஒரே பிரதி என்றால் பிள்ளைங்க சண்டை போட்டுக் கிழிச்சிடுவாங்க.

சிரியம் பெரியவர்:
அந்தக் காசை நான் தருகிறேன் சயாமா. காமிக்ஸுக்கு இல்லை, ஆத்திசூடிக்கு. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்லுங்கள், ஆளுக்கு ஒன்று வரட்டும்.