நிவேதாவின் தைராய்டு அறிக்கை: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நிவேதா: சித்தி, கர்ப்பத்தின் 10ஆவது வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை மேலே அனுப்பியிருக்கிறேன். டி.எஸ்.ஹெச். 0.12 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் குறைவு என்பதற்கு ‘எல்’ என்று குறித்திருக்கிறார்கள். இயல்பளவு 0.40 முதல் 4.50 வரை என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்பதால் பயமாக இருக்கிறது.

பெரியம்மா: தைராய்டு குறைவென்றால் மாத்திரை போட வேண்டியதுதானே, கண்ணு? என்னிடம் 50 மைக்ரோகிராம் மாத்திரை ஒரு பட்டை இருக்கிறது. கொடுத்தனுப்பட்டுமா?

சித்தி (டாக்டர்): அக்கா, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதில்லை, தைராய்டை வேலை வாங்குவதற்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு மந்தமானால் ஏறும், நன்றாகச் சுரந்தால் இறங்கும். இவளுடைய எண்ணுக்கு உங்கள் மாத்திரை நேர்மாறானது.

நிவேதா, வீட்டிலேயே சோதித்தபோது இரண்டு கோடு விழக் காரணமான ஹெச்.சி.ஜி. ஹார்மோன், 10ஆவது வாரத்தையொட்டித்தான் உச்சத்தில் இருக்கும். அதுவும் தைராய்டைத் தூண்டுவதால் டி.எஸ்.ஹெச். தானாகவே இறங்கிவிடுகிறது. நீ படித்த இயல்பளவு கருவுறாதவர்களுக்கானது. அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, பார்.

நிவேதா: இருக்கிறது, சித்தி. ‘முதல் மூன்று மாதம்: 0.10–2.50’ என்று போட்டிருக்கிறது. இரத்தத்தில் தனித்து உலவும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 1.3, அதற்குக் குறி ஏதும் இல்லை.

சித்தி (டாக்டர்): அப்படியானால் பெரும்பாலும் இது கர்ப்பத்தின் இயல்பான மாற்றம்தான். இரட்டைக் குழந்தை என்றாலோ, மசக்கை கடுமையாக இருந்தாலோ இன்னும் கீழே போவதுண்டு. ஆனால் ஃப்ரீ டி4 உயர்ந்திருந்தாலோ, கழுத்தில் வீக்கம், கை நடுக்கம், ஓய்விலும் நிற்காத படபடப்பு, கண் பிதுங்கல் ஆகியவை இருந்தாலோ தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயா என்று, அதற்குக் காரணமான டிராப் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து பார்ப்போம்.

நிவேதா: அவை எதுவும் இல்லை, வாந்தி மட்டும் இருக்கிறது. என்னுடன் வேலை செய்யும் கர்ப்பிணித் தோழிக்கு டி.எஸ்.ஹெச். 3.4 வந்தது, 2.5-ஐத் தாண்டிவிட்டது என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

சித்தி (டாக்டர்): அந்த 2.5 என்ற வரம்பு அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2011 வழிகாட்டுதலில் இருந்தது. அந்தந்த ஊர்க் கர்ப்பிணிகளின் அளவைக் கொண்டே வரம்பை வகுக்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 4.0 வரை ஏற்கலாம் என்று 2017இல் அவர்களே திருத்தினார்கள். பல ஆய்வகங்கள் இன்னமும் பழைய எண்ணையே அச்சிடுவதால் எத்தனை பேர் வீணாகக் கலங்குகிறார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆனாலும் 3.4-ஐ அப்படியே விடக் கூடாது, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஆன்டி டி.பி.ஓ. இருக்கிறதா என்று பார்க்கச் சொல், அது பாசிட்டிவ் என்றால் மருத்துவர் மாத்திரை தொடங்கக்கூடும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவளாக இருந்தால் கணக்கே வேறு: கரு உறுதியான உடனே மருத்துவர் மாத்திரை அளவை ஏறத்தாழக் கால் பங்கு கூட்டுவார், டி.எஸ்.ஹெச்.-ஐ 2.5-க்குக் கீழே வைப்பதே இலக்கு. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அம்மா: இவளுக்கு மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

சித்தி (டாக்டர்): வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள், அநேகமாக 4 வாரத்தில் திரும்ப எடுக்கச் சொல்வார். புரதத்தோடு ஒட்டியிருப்பதையும் சேர்த்த மொத்த டி4 பரிசோதித்தால் அதற்கு அப்போது கூடுதல் என்று ‘ஹெச்’ குறி விழலாம். ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் கூடி, 16ஆவது வாரத்துக்குள் மொத்த டி4 ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அதைப் பார்த்து நீங்களாக எதையும் தொடங்காமல் எனக்கு அனுப்புங்கள்.